கதவைச் சாத்திக்கொண்டு பேசும் தொழில்

"உங்க காலேஜு எங்க வீட்டுச் சங்கதிய வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணுது."

கல்லூரி முதல்வர் அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குடையை மடியில் கிடத்திக்கொண்டு மஹ்மூதாவின் மாமியார் இதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. எங்கள் முதல்வர் பொருளாதாரம் படித்த அம்மையார். ஏற்றுமதி என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. இது புகார் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

நான் சுவரோரம் நின்றேன். என் பக்கத்தில் பி.காம். கடைசி வருட மாணவி ஜமீலா நின்றாள்.

"கேசட்டுல பேசுனது யாரு?" என்று முதல்வர் கேட்டார்.

"என் மருமவ மஹ்மூதா."

"பதிவு பண்ணது?"

குடை எங்கள் பக்கம் திரும்பியது.

"சரி. கேட்டது யாரு?"

"துபாய்ல ஒரு ரூமு நிறைய ஆம்பளைங்க. அதுல என் கூடப்பொறந்த தம்பியும் ஒருத்தன்."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெஜினா, இது எந்தத் தொழில்ல சேரும்?" என்று என்னைக் கேட்டார்.

"சேவைத் துறை, மேடம்" என்றேன். உண்மையிலேயே அதில்தான் சேரும்.

எங்கள் காலத்து ஊக்குவிப்பு

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு பேராசிரியர் சென்ற வாரம் என்னிடம் ஒன்று கேட்டார். மாணவர்களைத் தொழில் தொடங்க ஊக்குவிக்க இப்போது ஒவ்வொரு கல்லூரியிலும் தனி மையம், குளிர்சாதன அறை, ஆலோசகர் எல்லாம் இருக்கிறார்களே, உங்கள் காலத்தில் என்ன இருந்தது என்று. எங்கள் காலத்தில் நான் இருந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. படித்தவர்கள் எல்லோரும் அரசாங்க வேலைக்காகவே காத்திருப்பது நாட்டுக்கு நல்லதல்ல, ஆகவே சுயதொழில் மன்றம் தொடங்குங்கள் என்றது. அதை எழுதியவரும் தட்டச்சு செய்தவரும் தபாலில் சேர்த்தவரும் அரசாங்க வேலைக்காகக் காத்திருந்து அதை வாங்கியவர்கள்தான். கல்லூரியில் யாருக்கும் வேண்டாத வேலை வந்தால் அது கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழும். கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

மாதச் சம்பளம் தவிர வேறு வருமானம் பார்த்தறியாத வீடு எங்களுடையது. அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்று சொல்லும் நகராட்சி ஆபீஸில் குமாஸ்தா. வியாபாரம் என்ற சொல்லை அவர் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி உச்சரிப்பார். அவர் மகள் காரைக்காலின் பெண்களைத் தொழிலதிபர்கள் ஆக்கப் புறப்பட்டாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நாளில் எல்லை தாண்டி, மதுவிலக்கு இருந்த தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் காரைக்கால் என்றால் ஒரே ஒரு தொழில்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஊக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் கல்லூரியில் கொடுக்கவும் முடியாது.

முதல் கூட்டத்தில், "டிகிரி முடிச்சிட்டு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"வெயிட் பண்ணுவோம் மிஸ்" என்றார்கள்.

பொய்யில்லை. ஒருத்தி பிரான்சில் இருக்கும் அண்ணன் கூப்பிடுவதற்காக, ஒருத்தி துபாய் மாப்பிள்ளை லீவில் வருவதற்காக, மற்றவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வருவதற்காக. எங்கள் ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். சர்க்கார் வேலைக்குக் காத்திருந்தவர்கள் மட்டும் புதுச்சேரி இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

மெழுகுவத்தி, சாக்பீஸ், கருவாடு

முதலில் தொழில் துறையிலிருந்து ஒருவர் வந்து மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுத்தார். அது சித்திரை மாதம். வார்த்து வைத்த மெழுகுவத்திகள் மறுநாள் எல்லாம் தலை குனிந்து நின்றன. தேறியவற்றை மாதா கோயிலுக்கு எடுத்துப்போனேன். பங்குச் சாமியார் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். அவர் அதைக் காணிக்கை என்று நினைத்துவிட்டார். சாமியாரிடம் விலை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்தது சாக்பீஸ். நன்றாகவே வந்தது. ஆனால் எங்கள் கல்லூரியே அதை வாங்க முடியாது, சாக்பீஸ் டெண்டரில்தான் வரவேண்டும் என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். கருக்களாச்சேரிப் பெண் ஒருத்தி கருவாட்டைச் சுத்தமாகக் காகிதத்தில் கட்டி விற்கலாம் என்றாள். நல்ல யோசனை, நல்ல கருவாடு. கடற்காற்று முதல்வர் அறைப் பக்கம் வீசியதால் அந்தத் தொழில் ஒரே நாளில் மூடப்பட்டது.

மன்றத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு, கடைசி பெஞ்சில் இருந்த ஜமீலா மட்டும் எழுந்து வந்தாள்.

"மிஸ், எங்க தெருவுல யாருக்கும் கேசட்டுல பேசத் தெரியல" என்றாள்.

கேசட் பேசும் நாள்

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள அந்தத் தெருவின் வழக்கம் தெரியவேண்டும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவரை அங்கே சபுராளி என்பார்கள். வீட்டுக்கு ஒரு சபுராளி இருந்தார். லீவில் வந்தவர் திரும்பிப் போகிறார் என்றால், அவர் கையில் தெருவே கேசட் கொடுத்தனுப்பும். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கும் அது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் பதிவு செய்வது கல்யாண வேலை மாதிரி நடக்கும். அந்தப் பக்கம் பல வீடுகளில் பெண் கல்யாணமானாலும் தாய்வீட்டிலேயே இருப்பாள். எனவே தாய், லாத்தா என்று கூப்பிடும் அக்காமார், சின்னம்மாக்கள் எல்லோரும் முன்பே உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளையின் உம்மா தன் வீட்டிலிருந்து குடையோடு வந்து சேர்வார். டேப்ரிக்கார்டரை இயக்க யாராவது ஒரு கொழுந்தன். முதலில் மாப்பிள்ளையின் உம்மா சலாம் சொல்லி, மூட்டு வலியைச் சொல்லி, தைலத்தின் பெயரைச் சொல்வார். பிறகு ஒவ்வொருவராகச் சலாம். அடுத்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்து ஒரு சலாம் சொல்வார். கேசட் முடியப்போகும் நேரத்தில் அடுப்படி வாசலில் நிற்கும் மனைவியை இழுத்து வந்து உட்கார வைப்பார்கள்.

அவள், "எல்லாரும் சுகம். உடம்பப் பாத்துக்கங்க" என்பாள். கொழுந்தன் பட்டனை அமுக்குவான்.

"எங்க உம்மாவும் அதத்தான் சொல்லும் மிஸ்" என்றாள் ஜமீலா. "டேப்ரிக்கார்டரு வந்த நாள்லேர்ந்து அதே நாலு வார்த்தைதான். நாம போயி, கதவச் சாத்தி, அவங்கள மட்டும் பேச விட்டா என்ன?"

சந்தை இருந்தது, போட்டி இல்லை, முதலீடு இல்லை, ஏனென்றால் டேப்ரிக்கார்டர் எல்லா வீட்டிலும் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. சுற்றறிக்கை கேட்ட அத்தனையும் ஒரே யோசனையில் இருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பதில், "கூலி வாங்கணும். வாங்காம செஞ்சா அது உபகாரம், தொழில் ஆகாது" என்று பொறுப்பாளர் மாதிரிச் சொன்னேன்.

வாசலுக்கு வெளியே

காலேஜ் டீச்சரும் கூட வருகிறார் என்பதால் வீடுகளில் மறுப்புச் சொல்லவில்லை. ஜமீலா உள்ளே போய் எந்த இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கவேண்டும் என்று காட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவாள். நாங்கள் இருவரும் கதவுக்கு இந்தப் பக்கம் காவல். மாப்பிள்ளையின் உம்மா உள்ளே போக எழுந்தால், "மாமி, இப்பப் போனா உங்க இருமலும் பதிவாயிடும்" என்பாள் ஜமீலா. அவர் உட்கார்ந்துவிடுவார்.

நாங்கள் கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவோம். ஒரு மறைவான இடம், ஒரு காது, சொல்லி முடித்தால் மனசு லேசாகும். கதவைத் திறந்துகொண்டு வந்த பெண்களின் முகத்தில் அந்த லேசு தெரிந்தது. வித்தியாசம் ஒன்றுதான். நாங்கள் எங்கள் பாவத்தைச் சொல்வோம். இவர்கள் பெரும்பாலும் கேட்கப்போகிறவரின் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

கூலி கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். சிலர் தம்ரூட் என்னும் ரவை இனிப்பைத் தட்டோடு கொடுத்தார்கள். அதைத் தொழிலின் வரவில் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் நானும் ஜமீலாவும் தின்றுவிட்டோம்.

எங்களிடம் பேசியவர்களில் மஹ்மூதா ஒருத்தி. சின்னப் பெண், நாலைந்து வயதுப் பிள்ளைக்குத் தாய். ரொம்ப நேரம் பேசினாள். வெளியே வந்ததும் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கேசட் துபாய்க்கு அடுத்துக் கிளம்பிய சபுராளியின் பெட்டியில் ஏறியது. மற்றவர்களுடையவை வேறு ஊர்களுக்குப் போயின.

வெள்ளிக்கிழமை வழக்கம்

எங்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எங்களுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. ஆண்கள் சொல்லாததற்குக் காரணம், சொல்லவேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றாததுதான்.

கேசட்டைக் கடிதம் என்று நாங்கள் நினைத்தோம். கிடைத்தவர் தனியாக உட்கார்ந்து கேட்பார் என்று நினைத்தோம். அங்கே ஒரு அறையில் எங்கள் கரைப்பக்கத்துக்காரர்கள் ஒரு டஜன் பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு டேப்ரிக்கார்டர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, பாய் விரித்து எல்லோரும் உட்கார்வார்கள். அந்த வாரம் யார் யாருக்கு வந்திருக்கிறதோ எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்பார்கள். எல்லாம் சலாமும் தைலமும்தானே. ஒருவருடைய ஊர்ச்சத்தம் எல்லோருக்கும் ஊர்ச்சத்தம்.

மஹ்மூதாவின் கணவன் சுல்தானும் வழக்கம்போலத் தன் கேசட்டை நடுவில் வைத்துப் போட்டுவிட்டான்.

அதில் அவள் என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. துபாயிலிருந்து அடுத்து வந்த சபுராளி சொல்லி, ஊரே எங்களுக்குச் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உங்க உம்மா தினமும் சாயந்திரம் வந்து, நீங்க அனுப்பின ஆரஞ்சு ஜூஸ் பவுடர் பாட்டில வெளிச்சத்துல தூக்கி, எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு பாத்துட்டுப் போறாங்க என்றிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கென்று சொல்லிவிட்டு நாகப்பட்டினத்தில் சினிமா பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை உங்க போட்டோவத்தான் வாப்பாங்குது, போன தடவ நீங்க வந்தப்ப, இவரு எப்ப அவங்க வீட்டுக்குப் போவாருன்னு கேட்டுச்சு என்றிருக்கிறாள். மாடி கட்ட வேண்டாம், யார் ஏறி ஒக்காரப் போறா, நீங்க வாங்க என்றிருக்கிறாள்.

பாதியில் சுல்தானின் தாய்மாமன் எழுந்து வெளியே போய்விட்டாராம். செய்தி சொன்ன சபுராளிக்கு அவ்வளவுதான் தெரியும், மறுநாள் காலை விமானம் பிடிக்கவேண்டியவர், அதோடு அவரும் பெட்டி கட்டப் போய்விட்டார். தம்பி கோபித்துக்கொண்டு எழுந்து போனான் என்று அக்கா குடையை எடுத்துக்கொண்டு எங்கள் முதல்வரிடம் வந்துவிட்டார்.

அன்றே மன்றம் கலைக்கப்பட்டது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. ஜமீலாவுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. ஏனென்றால் அதே அறையில், அதே பாயில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைக் கேட்டவர்களில் ஜமீலாவின் வாப்பாவும் ஒருவர்.

நிறுத்தப்பட்ட பிள்ளை

ஜமீலாவின் உம்மா அதிகம் பேசாத பெண்மணி. மகளிடம், "வாப்பா சொல்ற வரைக்கும் காலேஜு வேணாம்" என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. புத்தகங்களை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவிலிருந்து பட்டப்படிப்பின் கடைசி வருடம் வரை வந்த முதல் பெண் அவள்தான். அவள் நின்றால் அடுத்த வீட்டிலிருந்து யாரும் கிளம்பப்போவதில்லை.  அவள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். "நான் என்ன டீச்சர் சொல்றது? அவங்கதான் சொல்லணும்" என்றார் உம்மா. அவர் வழக்கமான கேசட்டைப் பேசி, பிள்ளையை நிறுத்திவிட்ட செய்தியையும் அதில் சேர்த்து, ஒரு சபுராளியிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஜமீலாவின் சின்னம்மா மகள் என் வீட்டு வாசலில் நின்றாள். வாப்பாவின் பதில் கேசட் வந்துவிட்டது, உம்மா உங்களையும் கூப்பிடுகிறார் என்றாள். திட்டுவதென்றால் ஆள் இருந்தால்தானே முறை. சேலை மாற்றிக்கொண்டு போனேன்.

கூடத்தில் ஜமீலா, உம்மா, இரண்டு சின்னம்மாக்கள். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உம்மா தானே கேசட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு கனமான, கூச்சப்பட்ட ஆண்குரல் சலாம் சொன்னது.

"மஹ்மூதா கேசட்டப் பத்தி அங்க ஏதேதோ பேசிக்கிறாங்களாம். நடந்தத நான் சொல்றேன். சுல்தான் எந்திரிச்சு நிப்பாட்டப் போனான். அவன் மாமாதான் 'ஓடட்டும் விடு'ன்னாரு. சொல்லிட்டு அவரு வெளியே போனாரு. அவரு பின்னாடி நாங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனோம். சுல்தான் மட்டும் உள்ள. நாங்க வெயில்ல நின்னோம். இங்க வெயிலு எப்படின்னு உங்களுக்குத் தெரியாது.  சுல்தான் லீவு எழுதிக் குடுத்துட்டான், மாடி கட்டல. பெருநாளைக்கு வந்துடுவான்."

சின்னம்மா ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுலேர்ந்து ரூம்ல இப்ப இதான் சட்டம். யாரு பொஞ்சாதி கேசட்டு வந்தாலும் அவரு மட்டும் உள்ள, நாங்க எல்லாம் வெளியே. ஆனா மத்த கேசட்டெல்லாம் பழைய மாதிரிதான் வருது. நாங்க வெளியே போயி செருப்பு மாட்டுறதுக்குள்ள, முடிஞ்சிடுச்சு உள்ள வாங்கன்னு கூப்புட்டுடுறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நல்லவேளை.

"போன வெள்ளிக்கெழம ஒன்னோடது வந்துச்சு. எல்லாரும் வெளியே போனாங்க. நீ சலாம் சொன்ன. சுகம்னு சொன்ன. பிள்ளைய நிறுத்திட்டேன்னு சொன்ன. உடம்பப் பாத்துக்கங்கன்னு சொன்ன. அப்புறம் ஒண்ணுமில்ல, இரைச்சல்தான். அவங்கள ஒடனே கூப்புட எனக்கு வெக்கமா இருந்துச்சு. சும்மா ஓட விட்டுட்டு ஒக்காந்திருந்தேன்."

  எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடினேன். சாத்திய கதவுக்குள் ஒரு மனிதர் வெறும் நாடாவை ஓடவிட்டுக்கொண்டு, வெளியே நிற்பவர்களிடம் தன் மனைவியும் தன்னோடு பேசுகிறாள் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"ஜமீலா, காலேஜுக்குப் போ. பரீட்சைய எழுதிடு. அதுக்கு முன்னாடி மஹ்மூதாவுக்கு எடுத்த மாதிரி ஒங்க உம்மாவுக்கும் ஒண்ணு எடுத்து அனுப்பு. கூலி வாங்கிக்க."

கேசட் நின்றது. உம்மா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து புத்தகங்களை எடுத்து ஜமீலாவின் மடியில் வைத்தார். பிறகு டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

"எப்புடி அமுக்கணும், காட்டு" என்றார்.

ஜமீலா காட்டினாள்.

"சரி, போ. டீச்சர், நீங்களும் கொஞ்சம் வெளியே நிக்கிறீங்களா?"

சின்னம்மாக்களையும் அழைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனோம். உள்ளே கதவு சாத்தப்பட்டது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்து நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஜமீலா தென்னை மரத்தடியில் புத்தகத்தைப் பிரித்தாள், ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. பிறகு உள்ளிருந்து மெல்லிசாக, ஏற்ற இறக்கமாக ஒரு குரல் வர ஆரம்பித்தது. வார்த்தை எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. இடையில் ஒருமுறை சிரித்த மாதிரி இருந்தது. அந்த அம்மா சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

வெயில் ஏறி எங்கள் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. சின்னம்மாக்கள் அலுத்துப்போய் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் கதவு ஒரு விரற்கடை திறந்தது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உம்மா தலையை மட்டும் நீட்டினார்.

"ஜமீலா, இது நின்னுபோச்சு. திருப்பிப் போட்டுட்டுப் போ."